கலர்ப் படத்தைக் கறுப்பு-வெள்ளை லேசரில் அடித்தால் செம்பருத்தி காணாமல் போகிறது. என்ன செய்யலாம்?

பசுமைமன்ற ஆசிரியை | சனி, இரவு 9.12

வணக்கம். ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஊரைச் சுற்றி இருக்கும் செடிகளைப் பிள்ளைகள் அடையாளம் காண்பதற்காக 24 பக்கத்தில் ஒரு கையேடு தயாரித்துக்கொண்டிருக்கிறேன். படங்கள் எல்லாம் நாங்களே போனில் எடுத்தவை. பள்ளியில் இருப்பது கறுப்பு-வெள்ளை லேசர் பிரிண்டர், 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி). 40 பிரதி வேண்டும். கலரில் அடிக்கப் பணம் இல்லை.

நேற்று முதல் நான்கு பக்கம் அடித்துப் பார்த்தேன். திரையில் கண்ணைப் பறித்த செம்பருத்தி, தாளில் இலையோடு இலையாகக் கரைந்துவிட்டது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதில் பூ எங்கே?" என்று கேட்டாள். சங்குப்பூ வெறும் கறுப்புத் திட்டு. பிரைட்னஸைக் கூட்டினால் பூவும் இலையும் சேர்ந்தே வெளுக்கின்றன.

அழகுக்காகக் கேட்கவில்லை. இந்தக் கையேட்டில் செங்காந்தளும் இருக்கிறது. நம் மாநில மலர்தான், ஆனால் கிழங்கு முதல் விதை வரை நஞ்சு. வேலியோரம் பார்த்தால் பிள்ளைகள் அதை அடையாளம் கண்டு விலக வேண்டும். படம் தெளிவாக இல்லையென்றால் கையேடு போட்டே பயனில்லை. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நிரல் நிலவன் | சனி, இரவு 9.58

டீச்சர், பிரிண்டர் மேல் தப்பில்லை. நிறத்தைச் சாம்பலாக மாற்றும் கணக்கில்தான் பூ தொலைகிறது.

மென்பொருள்கள் வழக்கமாகச் செய்வது இதுதான்: ஒவ்வொரு படப்புள்ளியிலும் சிவப்பை 0.299 ஆலும், பச்சையை 0.587 ஆலும், நீலத்தை 0.114 ஆலும் பெருக்கிக் கூட்டும். பழைய தொலைக்காட்சித் தரத்திலிருந்து வந்த எண்கள் இவை. நம் கண் பச்சையைத்தான் அதிக வெளிச்சமாக உணரும், நீலத்தை மிகக் குறைவாக உணரும் என்பதால் இப்படி. உயர்தெளிவுத் தொலைக்காட்சித் தரத்தில் 0.2126, 0.7152, 0.0722 என்று வேறு எண்கள். எதைப் போட்டாலும் சிக்கல் ஒன்றுதான்.

உங்கள் செம்பருத்தி இதழ் ஏறக்குறைய சிவப்பு 200, பச்சை 20, நீலம் 40 (0 என்றால் கறுப்பு, 255 என்றால் முழு வெளிச்சம்) என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டால் 76 வரும். பின்னால் இருக்கும் இலை சிவப்பு 60, பச்சை 90, நீலம் 45. அதற்கும் 76 தான். நிறத்தில் இரண்டும் எதிரெதிர், வெளிச்சத்தில் ஒன்று. சாம்பலில் மிஞ்சுவது வெளிச்சம் மட்டும் என்பதால், நிறத்தால் மட்டுமே பிரிந்து நின்ற இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் எதைத் திருகினாலும் 76-உம் 76-உம் சேர்ந்தேதான் நகரும்.

ஆகவே சாம்பலாக்குவதற்கு முன்னாலேயே பிரிக்க வேண்டும். சிவப்புச் சேனலை, அதாவது ஒவ்வொரு புள்ளியிலும் உள்ள சிவப்பு எண்ணை, மட்டும் எடுத்தால் இதழ் 200, இலை 60. பூ வெள்ளையாக எழுந்து நிற்கும்.

---

டிடிபி கலா | சனி, இரவு 10.31

டீச்சர், படம் திருத்தும் மென்பொருள் ஜிம்ப் இலவசம், அதிலேயே முடியும். கலர்ஸ் மெனுவுக்குள் காம்பொனன்ட்ஸ், அதற்குள் மோனோ மிக்சர். மூன்று நிறத்துக்கும் மூன்று ஸ்லைடர் வரும். மூன்றையும் கூட்டினால் 1 வருகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் படம் மொத்தமாகக் கறுக்கும் அல்லது வெளுக்கும்.

ஆனால் சிவப்பை முழுசாக 1 என்று வைக்காதீர்கள். செம்பருத்தி இதழில் நரம்பு ஓடுமே, அது சிவப்புச் சேனலில் அனேகமாக இருக்காது. பச்சைச் சேனலில்தான் இருக்கும். சிவப்பு 0.7, பச்சை 0.3 என்று கலந்து பாருங்கள். நிலவன் தம்பி சொன்ன எண்ணிலேயே பார்த்தால் இதழ் 146, இலை 69. இடைவெளியும் இருக்கும், இதழில் உயிரும் இருக்கும்.

---

பசுமைமன்ற ஆசிரியை | ஞாயிறு, காலை 11.20

செம்பருத்தி வந்துவிட்டது! நரம்புகூடத் தெரிகிறது. இரண்டு பேருக்கும் மிக்க நன்றி.

அந்த மகிழ்ச்சியில் எல்லாப் படங்களுக்கும் அதே 0.7, 0.3 போட்டேன். செங்காந்தள் கெட்டுவிட்டது. முன்பு சுமாராகவாவது இருந்தது. இப்போது இதழின் மஞ்சள் அடியும் சிவப்பு நுனியும் அவ்வளவாகப் பிரிந்து தெரியவில்லை. அந்த இரட்டை நிறம்தான் அதன் அடையாளமே. சங்குப்பூ இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது.

---

பழைய கேமராக்காரர் | ஞாயிறு, மதியம் 1.05

டீச்சரம்மா, ஒவ்வொரு பூவுக்கும் தனி வைத்தியம்மா. சிவகாசியில் பிராசஸ் கேமரா (அச்சுக்காகப் படங்களை ஃபிலிமில் எடுக்கும் பெரிய கேமரா) அறையில் 20 வருஷத்துக்கு மேல் நின்றவன் நான். அந்தக் காலத்தில் கலர்ப் படத்தைக் கொடுத்து ஒற்றைக் கலரில் அச்சு பிளாக் வேண்டும் என்பார்கள். லென்ஸ் முன்னால் கண்ணாடி ஃபில்டர் போடுவோம். சிவப்பு ஃபில்டர் போட்டால் சிவப்பு வெளுக்கும், பச்சை கறுக்கும். பச்சை ஃபில்டர் போட்டால் நேர்மாறு. எந்த நிறத்தை வெளுக்க வேண்டுமோ அந்த நிற ஃபில்டர். நீங்கள் இன்று ஸ்லைடரில் செய்வது அதே வேலைதான்.

எங்களிடம் இருந்த லித் ஃபிலிமுக்கு (அச்சு வேலைக்கான ஃபிலிம்) சிவப்பு கண்ணே தெரியாது. அதனால்தான் இருட்டறையில் சிவப்பு விளக்கு எரியும். அந்த ஃபிலிமில் நேராக எடுத்தால் குங்குமப் பொட்டும் கறுப்புப் பொட்டும் ஒன்றுதான். ஆகவே படம் கைக்கு வந்ததும் முதலில் கேட்பது, "இதில் எது எதிலிருந்து பிரிய வேண்டும்?" அதற்குப் பிறகுதான் ஃபில்டரை எடுப்போம்.

செங்காந்தளில் பிரிய வேண்டியது சிவப்பும் மஞ்சளும். மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்த வெளிச்சம். ஆகவே சிவப்பு ஃபில்டரில் இரண்டும் வெளுத்துவிடும். பச்சையைப் போடுங்கள். மஞ்சள் வெளுத்து நிற்கும், சிவப்பு நன்றாகக் கறுக்கும். சங்குப்பூவுக்கு நீலம். ஆவாரம்பூ இலைக்கு முன்னால் இருந்தால் சிவப்பு. வெளுத்த வானத்துக்கு முன்னால் இருந்தால் நீலம் போட்டுப் பாருங்கள். மஞ்சள் பூ கறுத்து, வானத்தில் கோடு போட்டது மாதிரி நிற்கும்.

---

நிரல் நிலவன் | ஞாயிறு, மதியம் 1.47

ஐயா சொன்னதை எண்ணில் பார்த்தேன். செங்காந்தள் நுனி சிவப்பு 215, பச்சை 35. அடி சிவப்பு 235, பச்சை 200 என்று எடுத்துக்கொண்டால், சிவப்புச் சேனலில் 215-க்கும் 235-க்கும் 20 தான் வித்தியாசம். பச்சைச் சேனலில் 165.

நீலச் சேனலில் ஓர் எச்சரிக்கை. போன் எடுக்கும் ஜேபெக் கோப்பில் நிறத் தகவலைப் பெரும்பாலும் பாதித் தெளிவில்தான் சேமிக்கிறார்கள். அந்தச் சேதம் நீலச் சேனலைப் பிரித்தெடுக்கும்போது பளிச்சென்று தெரியும், கட்டம் கட்டமாக இருக்கும். முதலில் படத்தை அச்சு அளவுக்குச் சிறிதாக்கிவிட்டுப் பிறகு சேனலைப் பிரியுங்கள். சிறிதாக்கும்போதே கட்டங்கள் கரைந்துவிடும்.

அடுத்து, சாம்பல் படம் தயாரானதும் ஃப்ளாய்ட்-ஸ்டைன்பர்க் முறையில் 600 டிபிஐ ஒற்றை-பிட் படமாக (வெறும் கறுப்பு, வெள்ளைப் புள்ளிகள் மட்டும்) மாற்றிவிடுங்கள். 1976-இல் வந்த முறை. ஒரு புள்ளியைக் கறுப்பா வெள்ளையா என்று முடிவு செய்ததும், அதனால் வந்த பிழையைப் பதினாறாகப் பங்கு போட்டு, வலப்புள்ளிக்கு 7, கீழ் வரிசையில் 3, 5, 1 என்று பக்கத்துப் புள்ளிகளுக்குக் கொடுத்துவிடும். நுணுக்கம் அப்படியே நிற்கும். பிரிண்டர் டிரைவரின் (கணினியில் பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) தயவு தேவையில்லை.

---

டிடிபி கலா | ஞாயிறு, மதியம் 2.15

இதில் மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் தம்பி. திரையில் ஃப்ளாய்ட்-ஸ்டைன்பர்க் அழகு. லேசரில் அழுக்கு. கடையில் நூறு தடவை பார்த்திருக்கிறேன்.

---

பழைய கேமராக்காரர் | ஞாயிறு, மாலை 4.40

கலாம்மா சொல்வது சரி. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

லேசர் பிரிண்டரிடம் சாம்பல் மை கிடையாது. டோனர் ஒட்டும், அல்லது ஒட்டாது. சாம்பல் என்று நாம் பார்ப்பது கறுப்புப் புள்ளிக்கும் நடுவில் விட்ட வெள்ளைத் தாளுக்கும் உள்ள விகிதம். அதைத்தான் ஹாஃப்டோன் என்கிறோம். நம் நாட்டில் கல்கத்தாவில் உபேந்திரகிஷோர் ராய் என்று ஒருவர், சத்யஜித் ராயின் தாத்தா, 1890-களிலேயே இங்கிலாந்திலிருந்து கருவி தருவித்து ஹாஃப்டோன் செய்தார். நம் வெளிச்சத்துக்கு எந்த லென்ஸ் துளை, எந்த ஸ்க்ரீன் (படத்தைப் புள்ளியாக்கும் திரை) என்று தானே ஆராய்ந்து, இங்கிலாந்து அச்சுத் தொழில் ஆண்டுமலரிலேயே கட்டுரை எழுதினார். அவரை நினைக்காமல் இந்தப் பேச்சை எனக்குப் பேச வராது.

600 டிபிஐ-யில் ஒரு புள்ளி 0.042 மில்லிமீட்டர். தனியாக நிற்கும் அவ்வளவு சின்னப் புள்ளி, டோனரைத் தாளுக்குக் கொண்டுபோகும் டிரம்மில் ஒரு தடவை பிடிக்கும், ஒரு தடவை பிடிக்காது. பிடித்தாலும், டோனரை உருக்கித் தாளில் ஒட்டும் ஃப்யூசரின் சூட்டில் உருகிப் பரவும். ஃப்ளாய்ட்-ஸ்டைன்பர்க் முழுக்க முழுக்க இப்படித் தனித்தனிப் புள்ளிகளால் ஆனது. அதனால்தான் வெளிர் பகுதியில் திட்டுத் திட்டாகவும், நடுச் சாம்பலில் எதிர்பார்த்ததைவிடக் கறுப்பாகவும் வருகிறது. ஹாஃப்டோன் புள்ளி அப்படி இல்லை. சின்னப் புள்ளிகள் கொத்தாகச் சேர்ந்து ஒரு பெரிய டாட் ஆகும். கொத்து உறுதியாக நிற்கும்.

ஆனால் கொத்துக்கு விலை உண்டு. 8-க்கு 8 புள்ளி சேர்ந்து ஒரு டாட் என்றால் 64 புள்ளி. வெறும் வெள்ளையையும் சேர்த்தால் 65 படி சாம்பல் கிடைக்கும். ஆனால் அங்குலத்துக்கு 75 டாட் தான். 600-ஐ 8-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். டாட்டைச் சின்னதாக்கி 106 லைன் ஸ்க்ரீன் (அங்குலத்துக்கு 106 டாட் வரிசை) வைத்தால் நுணுக்கம் கூடும். ஆனால் 45 டிகிரிச் சாய்வில் ஒரு டாட்டுக்கு 32 புள்ளிதான், படி 33 ஆகக் குறையும். வானம் மாதிரி மெல்ல மாறும் இடத்தில் பட்டை பட்டையாக விழும். பூவும் இலையும் என்றால் 71 லைன் ஸ்க்ரீன், 45 டிகிரி. 73 படி வரும். எனக்கு அது பிடிக்கும். 45 டிகிரி ஏன் என்றால், நேர்க்கோட்டு வரிசையைக் கண் உடனே பிடித்துவிடும், சாய்ந்த வரிசையை அவ்வளவாகப் பிடிக்காது.

---

நிரல் நிலவன் | ஞாயிறு, இரவு 8.52

அலுவலக லேசரில் இப்போதுதான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அடித்துப் பார்த்தேன். ஐயாவும் கலா அக்காவும் சொன்னது சரி. ஃப்ளாய்ட்-ஸ்டைன்பர்க் படம் நடுச் சாம்பலில் அப்பிக்கொண்டது. நான் முன்பு சொன்னதை விட்டுவிடுங்கள் டீச்சர்.

இன்னொன்றும் கண்டேன். நானே புள்ளியாக்கிய ஹாஃப்டோன் படத்தைப் பிடிஎஃப்பில் வைத்து அடித்தபோது குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் விழுந்தது. பார்த்தால், பிரிண்ட் சாளரத்தில் 'பக்கத்துக்குப் பொருத்து' தேர்வாகி இருந்தது. படம் 97 விழுக்காடாகச் சுருங்கி, என் புள்ளிகளும் பிரிண்டரின் புள்ளிகளும் மோதியிருக்கின்றன. 'உண்மை அளவு' என்று மாற்றியதும் சரியாகிவிட்டது. நாமே புள்ளியாக்கினால் படம் மிகச் சரியாக 600 டிபிஐ-யில் இருக்க வேண்டும், 100 விழுக்காட்டில்தான் அடிக்க வேண்டும். அந்தக் கட்டுப்பாடு முடியாது என்றால் சாம்பல் படமாகவே வைத்து, புள்ளியாக்குவதை டிரைவரிடம் விடுவது நல்லது. அப்போது படத்துக்கு அங்குலத்துக்கு 150 முதல் 200 படப்புள்ளி போதும். ஸ்க்ரீன் லைனைப்போல் இரு மடங்கு இருந்தால் போதும்; அதற்கு மேல் கோப்புதான் பெருக்கும்.

---

பசுமைமன்ற ஆசிரியை | திங்கள், இரவு 9.05

டிரைவரிடமே விடுகிறேன். என் கணினியில் அவ்வளவு நுட்பமாகச் செய்ய நேரம் இல்லை.

பச்சைச் சேனலை 0.9 வைத்ததும் செங்காந்தள் அருமையாகப் பிரிந்துவிட்டது. சங்குப்பூவும் வந்துவிட்டது. ஆனால் எல்லாப் படமும் திரையில் இருப்பதைவிடத் தாளில் இருட்டாக இருக்கிறது. நிழல் பகுதி மொத்தமும் ஒரே கறுப்பு.

---

டிடிபி கலா | திங்கள், இரவு 9.40

டாட் கெயின் டீச்சர். ஐயா சொன்னாரே, டோனர் உருகிப் பரவும் என்று, அதுதான். ஒவ்வொரு டாட்டும் கொஞ்சம் வீங்குகிறது. 50 விழுக்காடு சாம்பல் தாளில் 60, 65 மாதிரித் தெரியும்.

உங்கள் மெஷின் எவ்வளவு வீங்குகிறது என்பதை நீங்களேதான் பார்க்க வேண்டும். 0-இலிருந்து 100 வரை பத்துப் பத்தாக 11 சாம்பல் கட்டம் வரைந்து, அதே தாளில் அடியுங்கள். எந்தக் கட்டத்துக்கு மேல் எல்லாம் ஒரே கறுப்பு, எதற்குக் கீழே எல்லாம் ஒரே வெள்ளை என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு படத்துக்கும் ஜிம்ப்பின் லெவல்ஸில் அவுட்புட்டை அந்த எல்லைக்குள் அடக்குங்கள். நடு முக்கோணத்தை இடப்பக்கம் தள்ளி 1.3 மாதிரி வைத்தால் நடுச் சாம்பல் வெளுக்கும். திரையில் பார்க்கச் சோகையாக இருக்கும். கவலைப்படாமல் அடியுங்கள், தாளில் சரியாக விழும்.

டோனர் சேவ் மோடு போட்டிருந்தால் முதலில் அதை எடுங்கள். அது டாட்டையே பாதி தின்றுவிடும்.

---

பசுமைமன்ற ஆசிரியை | செவ்வாய், இரவு 8.30

கட்டம் போட்டுப் பார்த்தேன். 80, 90, 100 மூன்றும் ஒரே கறுப்பு. கீழே 10 விழுக்காடு வரை தெரிகிறது. அதன்படி 10-க்கும் 80-க்கும் நடுவில் அடக்கினேன். இலை மடிப்புகள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. இத்தனை நாளும் படத்தைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு சிக்கல். நஞ்சுச் செடிகளுக்கு 'எச்சரிக்கை' என்று சிவப்புப் பெட்டி போட்டு, அதற்குள் எழுதியிருந்தேன். சாம்பல் பெட்டியாக வருகிறது, எழுத்து படிக்கக் கஷ்டமாக இருக்கிறது.

---

டிடிபி கலா | செவ்வாய், இரவு 8.55

சாம்பல் பெட்டிக்குள் தமிழ் எழுத்தைப் போடவே போடாதீர்கள் டீச்சர். இங்கிலீஷை விட நமக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். மெய்யெழுத்து மேல் வைக்கிற புள்ளியும், ஹாஃப்டோன் டாட்டும் 9, 10 பாயின்ட் எழுத்தில் கிட்டத்தட்ட ஒரே அளவு. பெட்டிக்குள் புள்ளி கரைந்துபோகும். 'உண்ணக்கூடாது' என்று எழுதினால் 'உணணக்கூடாது' என்று தெரியும். எட்டாம் வகுப்புப் பிள்ளை தடுமாறும்.

வெள்ளைத் தாளில் முழுக் கறுப்பு எழுத்து, சுற்றி 2 பாயின்ட் தடித்த கறுப்புக் கட்டம். அது போதும். தலைப்புகளைப் பச்சையில், நீலத்தில் வைத்திருந்தால் அவற்றையும் கறுப்பாக்குங்கள். நிற எழுத்து லேசரில் சாம்பலாகி ஓரம் பிசிறும். சில டிரைவர்களில் 'எல்லா எழுத்தையும் கறுப்பாக அடி' என்று ஒரு தேர்வே இருக்கும், அதைப் போட்டால் வேலை குறையும். பூவின் பாகத்தைக் காட்டும் அம்புக்குறியும் அப்படித்தான், சாம்பல் கோடு அறுந்து அறுந்து விழும்.

---

புவியியல் வாத்தியார் | புதன், காலை 6.50

கையேட்டில் ஊர் வரைபடம் இருந்தால் அதையும் கவனியுங்கள். குளம் நீலம், வயல் பச்சை, சாலை சிவப்பு என்று வரைந்தால் மூன்றும் ஒரே சாம்பல். நான் நிறத்தை விட்டுவிட்டுக் குளத்துக்கு அலைக்கோடு, வயலுக்குப் புள்ளி, தரிசுக்குச் சாய்கோடு என்று மாற்றிவிட்டேன். நிறத்தின் அடர்த்தியால் காட்டியே ஆக வேண்டும் என்றால் மூன்று, நான்கு படிக்கு மேல் போகாதீர்கள். கலர்ப்ரூவர் என்ற இலவசத் தளத்தில் 'ஜெராக்ஸுக்குத் தாங்கும்' நிறத் தொகுதிகளை மட்டும் காட்டச் சொல்லும் வசதி இருக்கிறது.

மழையளவு, வெப்பநிலை வரைபடங்களில் வானவில் நிறம் போடுவார்களே, அது சாம்பலில் தப்பான தகவலையே தரும். தாழ்வைக் குறிக்கும் அடர்நீலமும் உச்சத்தைக் குறிக்கும் அடர்சிவப்பும் இரண்டுமே கறுக்கும், நடு மஞ்சள் மட்டும் வெளுக்கும். பிள்ளைக்கு வறட்சியும் வெள்ளமும் ஒன்றாகத் தெரியும்.

---

பழைய கேமராக்காரர் | புதன், காலை 10.15

40 பிரதியும் லேசரிலேயே அடிக்கப்போகிறீர்களா, ஒன்று அடித்து ஜெராக்ஸா? இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

---

பசுமைமன்ற ஆசிரியை | புதன், மாலை 5.30

ஜெராக்ஸ்தான் ஐயா. 24 பக்கம் 40 பிரதி என்றால் 960 பக்கம். படம் இவ்வளவு இருக்கும்போது பள்ளி டோனர் தாங்காது.

---

பழைய கேமராக்காரர் | புதன், மாலை 6.20

தாங்காதும்மா. டோனர்ப் பெட்டியில் போட்டிருக்கும் பக்கக் கணக்கெல்லாம் பக்கத்தில் 5 விழுக்காடு கறுப்பு என்ற கணக்கில். பாதிப் பக்கம் படம் என்றால் பல மடங்கு குடிக்கும்.

ஜெராக்ஸுக்குப் போகிற மூலப்படி என்றால் ஸ்க்ரீனை இன்னும் பெரிசாக்குங்கள். 53 லைன் போதும். ஜெராக்ஸ் மெஷினும் படத்தைத் தன் பங்குக்கு ஒரு தடவை புள்ளியாக்கும். சின்ன டாட்டாக இருந்தால் அது கலந்து அடைத்துவிடும், பெரிய டாட்டை அப்படியே கோடுபோல் எடுத்துக்கொள்ளும். டிரைவரில் ஸ்க்ரீன் அளவு மாற்ற வழி இல்லையென்றால், முக்கியமான படங்களை மட்டும் ஜிம்ப்பின் நியூஸ்பிரிண்ட் ஃபில்டரில் நாமே டாட் ஆக்கலாம். அப்போது நிலவன் தம்பி சொன்ன 100 விழுக்காடு விதியை மறக்காதீர்கள்.

கடைக்காரரிடம் சின்னதாக்காமல், பெரிதாக்காமல் சம அளவில் எடுக்கச் சொல்லுங்கள். எழுத்து-படம் கலந்த மோடில் ஒரு பக்கம், எழுத்து மோடில் ஒரு பக்கம் எடுத்துப் பார்த்து, டாட் எதில் சுத்தமாக இருக்கிறதோ அதில் மொத்தமும் எடுங்கள். பிரதியிலிருந்து பிரதி எடுக்க விடாதீர்கள். 40-உம் மூலப்படியிலிருந்தே வர வேண்டும்.

ஒன்று விட்டுவிட்டேன். செங்காந்தளுக்குப் பின்னால் புதர் தெரிகிறது என்றால் அதை வெட்டி வெள்ளையாக்கிவிடுங்கள். நாங்கள் நெகட்டிவில் ஓபேக் மை தடவிப் பின்னணியை அடைப்போம், ஒரு படத்துக்கு அரை மணி ஆகும். பூ மட்டும் வெள்ளைத் தாளில் நின்றால் எந்த ஜெராக்ஸும் அதைக் கெடுக்க முடியாது.

---

பசுமைமன்ற ஆசிரியை | ஞாயிறு, இரவு 7.45

அனைவருக்கும் வணக்கம். முடித்துவிட்டேன். மூலப்படி 75 ஜிஎஸ்எம் வழவழப்புத் தாளில் அடித்து, நேற்று ஜெராக்ஸ் எடுத்தோம். எழுத்து மோடுதான் சுத்தமாக இருந்தது. 11 படங்களுக்குப் பின்னணியை வெட்டினேன். செங்காந்தளுக்கு மட்டும் ஒரு மாலை முழுவதும் ஆனது, அந்த நெளிந்த இதழ் ஓரங்களை விட மனசில்லை.

எந்தப் படத்துக்கு எந்தச் சேனல் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: செம்பருத்திக்குச் சிவப்பு 0.7, பச்சை 0.3. செங்காந்தளுக்குப் பச்சை 0.9, நீலம் 0.1. சங்குப்பூவுக்கு நீலம் 0.7, பச்சை 0.3. ஆவாரம்பூவுக்குச் சிவப்பு 0.8, பச்சை 0.2. அடுத்த வருடம் எடுப்பவர்களுக்கு ஆகும்.

இன்று காலை எட்டுப் பேரைக் குளக்கரைக்குக் கூட்டிப்போனேன். 'பூ எங்கே' என்று கேட்ட அதே பெண்தான் வேலியில் படர்ந்திருந்த செங்காந்தளை முதலில் காட்டினாள். இன்னும் மொட்டுதான், சிவக்கவே இல்லை. இலை நுனி சுருண்டு பற்றிக்கொண்டிருப்பதைப் படத்தில் பார்த்து வைத்திருந்ததாகச் சொன்னாள்.

கலா, ஆவாரம்பூ படத்தில் மகரந்தத் தாள் இன்னும் கொஞ்சம் அடைத்துக்கொண்டு இருக்கிறது. ஷார்ப்பன் போட வேண்டுமா?

---

டிடிபி கலா | ஞாயிறு, இரவு 8.10

போடுங்கள் டீச்சர். அளவைச் சிறிதாக்கிய பிறகு, திரையில் கொஞ்சம் அதிகம் என்று தோன்றும் வரைக்கும். ஹாஃப்டோன் அதில் பாதியை விழுங்கிவிடும். அந்த நோட்டுப் பக்கத்தை ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள், என் கடைக்கும் வேண்டும்.